பூனை கீறிய கையும் மங்கிய கண்ணும்

ரிஷிவந்தியத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், நெல்லும் மக்காச்சோளமும் மூட்டை மூட்டையாய் அடுக்கிய வீடுகளிலே, எலிக்குப் பயந்து பூனை வளர்ப்பது பழைய வழக்கம்; அது குட்டி போட்டால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்; விளையாட்டில் கை கீறுபட்டால் மஞ்சளைத் தடவி மறந்துவிடுவார்கள். நாய் கடித்தால் ஊசிக்கு ஓடுகிற நாம், பூனை கீறினாலும் வெறிநோய்த் தடுப்பூசி வேண்டியிருக்கும் என்பதை ஏனோ நினைப்பதில்லை. அது ஒருபுறமிருக்க, அந்தக் கீறல் சில வாரம் கழித்துக் கண்ணைத் தாக்கவும் கூடும்.

பார்ட்டொனெல்லா ஹென்சிலே என்னும் பாக்டீரியா, பூனையின் ரத்தத்தில், விசேஷமாகக் குட்டிகளிடத்தில், பெரும்பாலும் யாதொரு உபத்திரவமும் செய்யாமல் குடியிருக்கிறது. பூனைக்குப் பூனை அதைப் பரப்புவது தெள்ளுப்பூச்சி. தெள்ளின் எச்சம் நகத்தில் ஒட்டி, கீறலின் வழியே நம் உடம்பில் புகுகிறது. கீறிய இடத்தில் சிறு கொப்புளம், பின்பு அக்குளிலோ கழுத்திலோ நெறிக்கட்டு, லேசான ஜுரம்: பெரும்பாலோருக்கு நோய் இவ்வளவில் தானே அடங்கும்.

சிலருக்கு ஒரு கண் சிவந்து, அதே பக்கத்துக் காதின் முன்னே நெறி கட்டும். பாரிஸ் வைத்தியர் பாரினோ 1889-இல் வர்ணித்தது இதைத்தான். இதைவிடக் கவலைக்குரியது, வலி அதிகமின்றி ஒரு கண்ணின் நடுப்பார்வை மங்குவது. பார்வை நரம்பின் தலைப்பு வீங்கி, அதிலிருந்து கசியும் நீர் விழித்திரையில் பரவி, பின்பு வற்றும்போது, அதிலிருந்த கொழுப்பு மட்டும் கூர்பார்வை மையத்தைச் சுற்றி, அங்கே வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால்கள்போல ஓடும் இழைகளின் போக்கிலேயே படிந்து, நட்சத்திர வடிவம் கொள்கிறது. 1916-இல் கண் வைத்தியர் லெபர் இதை விழித்திரையின் நோயென்றே கருதினார். கசிவின் ஊற்று நரம்பின் தலைப்பே என்பதை, 1977-இல் அமெரிக்க நிபுணர் காஸ் எடுத்துக்காட்டினார்.

சங்கடம் என்னவென்றால், வீக்கம் கண்டு ஒன்றிரண்டு வாரம் சென்றபின்பே நட்சத்திரம் பெரும்பாலும் புலப்படும். ஆகவே முதல்நாள் பரிசோதனையோடு நின்றுவிடலாகாது. மிகுந்த ரத்த அழுத்தமும், பெரும்பாலும் இரு கண்களிலும், இதே சித்திரத்தை எழுதும். காசமும் மேகநோயும்கூட அவ்வாறே. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனைக்கோ, புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ போகிறவர், கண் வைத்தியரிடம் பூனைக் கதை எதற்கென்று வாய்மூடியிருந்தால், எந்த ரத்தப் பரிசோதனையைக் கேட்பதென்று அவருக்குத்தான் எப்படித் தோன்றும்?

பூனையை விரட்ட வேண்டியதில்லை. தெள்ளை ஒழித்து, கீறலைச் சோப்பிட்டுக் கழுவினால் பெரும் பாதுகாப்பு. பெரியவர்களுக்கு டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகளை வைத்தியர் கொடுப்பதுண்டு. பலருக்கும் பார்வை நன்றாகவே திரும்புகிறது. நட்சத்திரம் கரைய மட்டும் பல மாதம் பிடிக்கும்.