ஸ்காட்லாந்துக் குடியானவர் வீடும் தொழுவமும்

ஸ்காட்லாந்து தேசத்தில், கிளாஸ்கோ நகரத்திற்குத் தெற்கே, ஈஸ்ட் கில்பிரைடு என்னும் ஊருக்கு அருகில் வெஸ்டர் கிட்டாக்சைடு என்ற பழைய பண்ணை இருக்கிறது. அதன் வீடு 1782-ம் வருஷம் முதல் 1784-ம் வருஷம் வரையில் கட்டப்பட்டது. இரு நூறு வருஷங்களுக்கு மேலாகியும் அது நிலைத்து நிற்பதற்குக் காரணம் கட்டிட வேலையின் உறுதி மாத்திரமன்று. நிலத்தின் மீது குடியானவனுக்கு இருந்த பாத்தியதையே முதற்காரணமாகும்.

முற்காலத்தில் அந்நாட்டுக் குடியானவர்களில் அநேகர் குறுகிய காலக் குத்தகைக்கே பயிரிட்டு வந்தனர். கல்லையும், புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டியையும் அடுக்கிச் சுவர் எழுப்பினர். நீண்ட ஒரே கூரையின்கீழ் ஒரு கோடியில் மனிதரும் மறுகோடியில் மாடுகளும் வசிப்பது வழக்கம். பல இடங்களில் கூரைமரம் குடியானவனுக்கே சொந்தமாதலால், வெளியேறும்போது அதைப் பிரித்து எடுத்துச் செல்வான். அடுத்த வருஷம் நிலம் யார் கைக்குப் போகுமோ என்று அஞ்சுகிறவன் நிலையான கட்டிடத்தில் பணத்தைப் போடத் துணியான். பதினெட்டாம் நூற்றாண்டில் 19 வருஷக் குத்தகை பரவிய பின்னரே நல்ல கல்வீடுகள் பெருகலாயின.

கிட்டாக்சைடிலோ ரீட் குடும்பத்தார் 1567-ம் வருஷத்திலேயே நிலத்தைச் சொந்தமாகப் பெற்றுவிட்டனர். பேரன் காலத்திற்கும் பயன்படும் என்ற நம்பிக்கையோடு அவர்கள் சந்ததியார் வீடு கட்டினர். பத்துத் தலைமுறைகள் அந்நிலத்தில் வாழ்ந்தன.

அக்காலத்து ஸ்காட்லாந்துப் பண்ணைகளில் மாட்டுத் தொழுவம், குதிரை லாயம், கதிரடிக்கும் கொட்டகை, வண்டிக் கொட்டகை ஆகியவற்றை ஒரு முற்றத்தைச் சுற்றிலும் அமைப்பது சிறந்த முறையாகக் கருதப்பட்டது. ஒவ்வொன்றும் வேலையைக் கருதியே அமைந்தது. கதிரடிக்கும் கொட்டகையில் எதிரெதிரே இரண்டு கதவுகள் உண்டு; இரண்டையும் திறந்தால் காற்று ஊடுருவிச் சென்று பதரைத் தூற்றிவிடும். வண்டிக் கொட்டகையின் மேல்மாடியில் தானியத்தைச் சேமிப்பர். தரையின் ஈரமும் எலியும் எளிதில் அதை அணுகா. தொழுவத்தில் மாடுகளுக்குப் பின்புறம் வாய்க்கால் ஓடும். எரு வீணாகாமல் முற்றத்துக் குவியலில் சேரும். 1786-ம் வருஷத்தை ஒட்டி ஆண்ட்ரூ மீக்கிள் என்பவர் கதிரடிக்கும் யந்திரத்தை அமைத்த பின்னர், செக்குமாடு போலக் குதிரைகள் சுற்றிவந்து அதை இயக்குவதற்காக, பல பண்ணைகளில் கொட்டகையை ஒட்டித் தனிக் கட்டிடமும் எழுந்தது.

கிட்டாக்சைடுப் பண்ணை 1992-ம் வருஷத்தில் ஸ்காட்லாந்து தேசிய டிரஸ்டுக்கு நன்கொடையாக அளிக்கப்பட்டது. 2001-ம் வருஷம் முதல் அங்கே கிராம வாழ்க்கைப் பொருட்காட்சிசாலை நடைபெறுகிறது.

தொழுவம் கட்டக் கருதும் அங்கத்தினர் இதிலிருந்து அறியவேண்டிய வரிசை ஒன்றுண்டு. முதலில் நிலத்தின் பாத்தியதையை ஐயமறத் தீர்த்துக்கொள்ளல்; பிறகு தீவனமும் எருவும் தானியமும் தினந்தோறும் எவ்வழியே செல்லும் என்று நடந்து பார்த்தல்; அதன் பின்னரே சுவர். வரிசையை மாற்றியவர் கட்டிய சுவரை இடித்துக் கட்ட நேரிடும்.