ஜல்லிக்கு ஒரு மேற்பூச்சு

பிளாஸ்டிக் சாலை என்றதும், தாரில் பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றிக் கலக்குகிறார்கள் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் பிளாஸ்டிக் முதலில் சேர்வது கல்லோடு. தார் அதன் பிறகே வருகிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் வகுத்த முறையின் உயிர் இந்த வரிசையில்தான் இருக்கிறது. 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவரது முறையை, இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2013இல் தனி வழிகாட்டு நெறியாகவே வெளியிட்டது. ஒரு நகரத் தெரு இம்முறையில் எப்படி உருவாகிறது என்பதைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

வேலை வீட்டு வாசலில் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருந்தாலும், பால், தயிர், எண்ணெய் உறைகளுக்கு விலக்கு உண்டு. இவை பெரும்பாலும் பாலிஎத்திலீனால் ஆனவை. இந்தச் சாலைக்கு ஏற்ற சரக்கும் அதுவே. தூய்மைப் பணியாளர்கள் வீடு வீடாகப் பெறும் உலர் குப்பை, தரம் பிரிக்கும் கூடத்துக்குப் போகிறது. அங்கே முதல் விதி, பி.வி.சி. என்னும் பாலிவினைல் குளோரைடை ஒரு துண்டு விடாமல் ஒதுக்குவது. சூடானால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சு வாயுவை அது வெளியிடும். தெருமுனைகளில் கட்டப்படும் ஃபிளெக்ஸ் பேனர்கள் பி.வி.சி. பூசியவை, அவற்றுக்கு இங்கே இடமில்லை.

பிரித்தவற்றைக் கழுவி, மண்ணும் உணவுப் பிசுக்கும் போக்கி, நன்றாகக் காயவைக்கிறார்கள். ஈரம் இருந்தால் கல்லின் சூடு அதை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும்; பூச்சும் சீராகப் படியாது. காய்ந்ததை அரவை எந்திரத்தில் இட்டுத் துருவலாக்குகிறார்கள். அந்தத் துருவல் 4.75 மி.மீ. சல்லடையில் விழ வேண்டும், 2.36 மி.மீ. சல்லடையில் தங்க வேண்டும். அதைவிடப் பெரிய துண்டு கல்லின் மேல் திட்டாக ஒட்டும்.

அடுத்தது கணக்கு. 100 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள ஒரு தெருவுக்கு 30 மி.மீ. கனத்தில் மேற்பரப்பு அமைப்பதாகக் கொள்வோம். கன அளவு 15 கன மீட்டர். இறுகிய தார்க் கலவை கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.3 டன் இருக்குமாதலால், தேவைப்படும் கலவை 34.5 டன். அதில் 5.4 விழுக்காடு தார் என்றால் சுமார் 1,860 கிலோ. தாரின் எடையில் 6 முதல் 8 விழுக்காடு பிளாஸ்டிக் சேர்க்கலாம். 8 என்று வைத்தால் ஏறத்தாழ 150 கிலோ. அதே அளவு தார் குறைகிறது. ஒரு சிறு தெரு, குப்பைமேட்டுக்குப் போகவிருந்த 150 கிலோ பிளாஸ்டிக்கைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது.

கலவை ஆலையில் அடுப்பு எரியுமுன் தெருவைத் தயார் செய்ய வேண்டும். குடிநீர்க் குழாய், கழிவுநீர் இணைப்பு, மின்வடம் ஆகியவற்றுக்காகத் தோண்ட வேண்டியதை எல்லாம் அந்தந்தத் துறைகள் முதலிலேயே தோண்டி, பள்ளத்தை அடுக்கடுக்காக இறுக்கி மூடிவிட வேண்டும். புதுச் சாலையை ஒரு மாதத்தில் வெட்டுவதைப் போன்ற வீண்செலவு வேறில்லை. பிறகு பழைய பரப்பைச் சுரண்டி எடுக்கிறார்கள். பல் பதித்த உருளை கொண்ட மில்லிங் எந்திரம், புதிதாக எவ்வளவு கனம் வரப்போகிறதோ அவ்வளவையும் கொத்தி எடுத்து லாரியில் கொட்டும். பழையதன் மேலேயே புதியதைப் போட்டுப் போட்டு வீட்டு வாசல்கள் பள்ளமாகிப்போனதால், சுரண்டாமல் சாலை போடக் கூடாது என்று 2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார். நகரத் தெருவுக்கு இதைவிடப் பயனுள்ள அறிவுறுத்தல் அண்மையில் வந்ததில்லை என்பேன்.

சுரண்டிய பரப்பைத் துடைப்பத்தாலும் காற்றுப் பீச்சாலும் தூசு நீங்கச் சுத்தம் செய்து, பாதாளச் சாக்கடை மூடிகளைப் புது மட்டத்துக்குச் சரிசெய்கிறார்கள். அதன்மேல் ஒட்டுப்பூச்சாகத் தார்ப்பால்மம் தெளிக்கப்படுகிறது. இதைக் களத்தில் எமல்ஷன் என்பார்கள். அளவு சதுர மீட்டருக்கு 0.2 முதல் 0.3 கிலோ. தெளிக்கும்போது பழுப்பாக இருக்கும்; நீர் பிரிந்து கறுப்பாக மாறிய பின்னரே அதன்மேல் கலவை விழ வேண்டும்.

இப்போது ஆலைக்கு வருவோம். கல்குவாரியில் உடைத்த ஜல்லியும் கல்தூளும் அளவுவாரியாகத் தனித்தனித் தொட்டிகளில் இருக்கின்றன. அவை சுழலும் உருளைக்குள் சென்று 160 முதல் 170 பாகை செல்சியஸ் வரை சூடாகின்றன. சூடேறிய கல் கலக்கும் தொட்டிக்குள் விழுந்ததும், தார் வருவதற்கு முன், நிறுத்து வைத்த துருவலை அதன்மேல் தூவுகிறார்கள். ஒரு டன் கலவைக்கு 54 கிலோ தார் என்று கொண்டால், துருவல் 4.3 கிலோ. ஒவ்வொரு கலவைக்கும் உரிய எடையை முன்கூட்டியே பைகளில் கட்டி வைத்தால் கை தடுமாறாது. பாலிஎத்திலீன் 110 முதல் 140 பாகைக்குள் இளகிவிடும். கல்லோ அதைவிடச் சூடாக இருக்கிறது. எனவே அரை நிமிட அளவில் துருவல் உருகி, ஒவ்வொரு கல்லின் மேலும் மெல்லிய படலமாகப் படிந்துவிடுகிறது. வாளியில் எடுத்துப் பார்த்தால், சற்று முன் வெளிறிக் கிடந்த ஜல்லி எண்ணெய் தடவியதுபோல மினுமினுக்கும். தனியாக எரிபொருள் தேவையில்லை. சாதாரணச் சாலைக்கும் அந்தக் கல் சூடாகத்தானே வேண்டும்! அந்தச் சூடே இந்த வேலையையும் செய்துவிடுகிறது.

சூட்டை 170க்கு மேல் போகவிடக் கூடாது. 250 பாகையைத் தாண்டினால் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கி வாயு வரும். ஆலை மேற்பார்வையாளர் வெப்பமானியை விட்டு நகராமல் இருப்பது இதற்காகத்தான்.

அதன் பின், 160 பாகை அளவில் சூடாக்கிய வி.ஜி.30 தரத் தார் ஊற்றப்படுகிறது. பொருத்தத்தின் அழகு இங்கேதான் தெரிகிறது. கல்லுக்குத் தண்ணீரோடு ஈர்ப்பு அதிகம். மழைநீர் கல்லுக்கும் தாருக்கும் இடையே நுழைந்து தாரைப் பிரித்துவிடும். சாலைக்குழிகள் பலவற்றின் தொடக்கம் அதுவே. படலம் போர்த்திய கல்லில் நீர் ஊறும் நுண்துளைகள் அடைபட்டிருக்கின்றன. தாரும் பிளாஸ்டிக்கும் ஹைட்ரோகார்பன் வகையைச் சேர்ந்தவை என்பதால் ஒன்றையொன்று நன்றாகப் பற்றிக்கொள்கின்றன. கலவையை 40 பாகைத் தண்ணீரில் 24 மணி நேரம் ஊறவைத்து, தார் எவ்வளவு உரிந்திருக்கிறது என்று பார்க்கும் சோதனை உண்டு. பூச்சின் தரம் அதில் தெரிந்துவிடும்.

கலவையைத் தார்ப்பாய் போர்த்திய லாரிகள் சூடு குறையாமல் தெருவுக்குக் கொண்டுவருகின்றன. பேவர் எந்திரம் அதை வாங்கி, குறித்த அகலத்துக்கும் கனத்துக்கும் பரப்பிச் செல்கிறது. உருளை ஏறியதும் பரப்பு அமுங்கும், 30 மி.மீ. வேண்டுமென்றால் அதைவிடக் கூடுதலாகப் பரப்ப வேண்டும். நடுப்பகுதி உயர்ந்து இருபுறமும் மீட்டருக்கு 2 செ.மீ. அளவில் சரிந்தால்தான் நீர் ஓரத்து வடிகாலுக்கு ஓடும்.

பின்னாலேயே உருளைகள். 8 முதல் 10 டன் எடையுள்ள இரும்பு உருளை முதலில் ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி நகர்கிறது. அடுத்து, காற்றடைத்த டயர்கள் கொண்ட உருளை கற்களைப் பிசைந்து நெருக்குகிறது. இறுதியில் 6 முதல் 8 டன் உருளை தடங்களை மறைக்கிறது. வேகம் மணிக்கு 5 கி.மீ.க்கு மேல் கூடாது. சக்கரத்தில் கலவை ஒட்டாதபடி நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். சூடான பரப்பின்மேல் உருளையை நிறுத்தி வைத்தால் பள்ளம் விழும்; நல்ல ஓட்டுநர் அதைச் செய்யமாட்டார். கலவை 90 பாகைக்குக் கீழ் இறங்குமுன் இவ்வளவும் முடிய வேண்டும்.

ஒரு நாள் ஆறவிட்டுப் போக்குவரத்தை அனுமதிக்கிறார்கள். 3 மீட்டர் நேர்சட்டத்தை வைத்து மேடுபள்ளம் பார்க்கிறார்கள். சில இடங்களில் உருளை வடிவத் துண்டு வெட்டி எடுத்து, கனத்தையும் அடர்த்தியையும் ஆய்வகத்தில் அளக்கிறார்கள். வெட்டிய துளையை அன்றே கலவையால் அடைக்கிறார்கள்.

சென்னை ஜம்புலிங்கம் தெருவில் 2002இல் இம்முறையில் சாலை போடப்பட்டது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதையும், ஈரோடு, மதுரைச் சாலைகளையும் ஆராய்ந்து 2008இல் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் குழியோ விரிசலோ ஓரச் சிதைவோ காணப்படவில்லை என்று அந்த அறிக்கை பதிவு செய்திருக்கிறது.