தும்பும் துறையும்: உயிரணுவியலில் ஒரு சொல்லாய்வு

கீழ்க்கட்டளை ஏரியின் மிகைநீர் நாராயணபுரம் ஏரியைச் சேர்ந்து, பின்னர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைவதைத் தென்சென்னைப் புறநகரில் வாழ்வோர் அறிவர். ஏரியிலிருந்து நீர் வெளியேறும் வாயில்கள் அனைத்திற்கும் நம் முன்னோர் ஒரே பெயர் இட்டாரல்லர். வேண்டும்போது திறந்து பாசனத்திற்கு நீர் விடுவது மதகு. நிரம்பியபின் மிகுதி தானே வழிவது கலங்கல். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்திருந்தால், எதைத் திறப்பது, எதை அடைபடாமல் காப்பது என்னும் தெளிவு பிறந்திராது. செயல் வேறாயின் சொல்லும் வேறாதல் வேண்டும். இவ்வுண்மையை இன்றைய உயிரணுவியலும் வற்புறுத்துவதை இங்குக் காண்போம்.

உயிரணுவின் ஏற்றுமதி

நம் உடலின் உயிரணுக்கள் தாம் ஆக்கிய பொருள்களை வெளியே அனுப்புகின்றன. கணையம் இன்சுலினைச் சுரப்பதும், நரம்பணு செய்தி கடத்தும் வேதிப்பொருளை விடுவிப்பதும் இவ்வழியே. அப்பொருள்கள் சவ்வாலான நுண்பைகளில் அடைபட்டுப் புறச்சவ்வை நோக்கிச் செல்கின்றன. இரு சவ்வுகளும் கலந்ததும் உள்ளிருப்பது வெளிப்படுகிறது. இதனை அறிவியலார் எக்சோசைட்டோசிஸ் என்பர். நாம் புறவெளியேற்றம் எனலாம்.

கரைக்கு வரும் தோணியை முதலில் கயிறு வீசிப் பிடிப்பர். அடுத்துக் கரையோடு அணைப்பர். அதன்பின்னரே சரக்கு இறங்கும். நுண்பைக்கும் இம்மூன்று நிலைகள் உண்டு. முதல் நிலையில், நுண்பை சற்றுத் தொலைவில் இருக்கும்போதே சில புரதங்கள் அதனை எட்டிப் பிடிக்கின்றன. இரண்டாம் நிலையில் அது புறச்சவ்வை ஒட்டி நிற்கிறது. மூன்றாம் நிலையில் சவ்வுகள் கலக்கின்றன.

இவ்வறிவு ஒரே நாளில் வந்ததன்று. பீட்டர் நோவிக், ராண்டி ஷெக்மன் ஆகியோர் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரில் மேற்கொண்ட ஆய்வு, 1980ஆம் ஆண்டில் சுரப்புக்கு வேண்டிய 23 மரபணுக்களை இனங்காட்டியது. அவற்றுள் ஆறு மரபணுக்களின் புரதங்கள் வேறிரு புரதங்களுடன் கூடி, எக்சோசிஸ்ட் என்னும் எட்டு உறுப்புக் கூட்டாக இயங்குகின்றன. 1996இல் இப்பெயர் பெற்ற அக்கூட்டே கயிறு வீசும் பணியைச் செய்கிறது. சவ்வுகளைக் கலக்கச் செய்வன ஸ்நேர் எனப்படும் வேறு புரதங்கள். நுண்பைப் போக்குவரத்தை விளக்கியமைக்காக 2013ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு ஷெக்மன், ஜேம்ஸ் ராத்மன், தாமஸ் சுதோஃப் ஆகிய மூவருக்கும் வழங்கப்பெற்றது.

சொற்களின் பேரேடு

ஈ, ஈஸ்ட், எலி ஆகியவற்றின் மரபணுக்களை ஆய்ந்தோர், ஒரே செயலை ஆளுக்கொரு பெயரால் அழைத்த குழப்பத்தைத் தீர்க்க 1998இல் ஒன்றுகூடினர். அவர்கள் தோற்றுவித்ததே ஜீன் ஆன்டாலஜி என்னும் மரபணுச் சொற்பேரேடு. அதில் ஒவ்வொரு கருத்திற்கும் ஒரு பெயர், ஓர் இலக்கணம், ஏழிலக்க எண் உண்டு. புதிய ஆய்வு வரும்போது தொகுப்பாளர்கள் கலந்தாய்ந்து இலக்கணத்தைத் திருத்துவர்.

எட்டிப் பிடித்தலையும் ஒட்டி நிற்றலையும் ஆய்வுக் கட்டுரைகள் பல ஒரே பெயரால் குறித்து வந்தன. பேரேடு இன்று இவற்றைப் பிரித்து வைத்துள்ளது. புறவெளியேற்றத்தில் நிகழும் எட்டிப் பிடித்தலுக்குத் தனிச்சொல் உண்டு. அது, ஒட்டி நிற்றலுக்கும் கலத்தலுக்கும் முற்பட்டது என்று அதன் இலக்கணம் வரையறுக்கிறது.

இச்சொல்லின் உறவுமுறை தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. நுண்பையை எட்டிப் பிடித்தல் உயிரணுவின் வேறிடங்களிலும் நிகழ்வதால் அது பொது. புறவெளியேற்றத்தில் நிகழ்வது அதன் சிறப்பு. புறவெளியேற்றம் முதல், இந்நிகழ்ச்சி அதன் சினை. பொது, சிறப்பு, முதல், சினை என நம் இலக்கண ஆசிரியர்கள் வகுத்த பாகுபாட்டையே இக்கணினிப் பேரேடும் பயன்கொள்கிறது எனலாம்.

இதனால் விளையும் பயன் யாது? நோயுற்ற திசுவில் மாறுபட்ட நூற்றுக்கணக்கான மரபணுக்களைக் கணினியில் இட்டு, எச்செயல் பழுதுற்றது என்று ஆய்வாளர் வினவுகின்றனர். விடை, பேரேட்டுச் சொல்லைக் கொண்டே வருகிறது. கயிறு வீசும் புரதத்திற்குக் கரை அணைக்கும் பெயரை இட்டுவிட்டால், ஈஸ்டில் கண்ட உண்மை மனிதர்க்குத் தவறாகப் பொருத்தப்படும்; ஆய்வு வேறு படிக்குத் திசைமாறும்.

தமிழுக்கு வேண்டுவது

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியற் கலைச்சொல்லுக்கெனச் சங்கம் கண்டனர். நம் காலத்தில் மணவை முஸ்தபா மருத்துவம், கணினி ஆகிய துறைகளுக்குக் கலைச்சொல் அகராதிகள் தொகுத்தளித்தார். அவ்வழியில் நாமும் ஒரு கருத்தை முன்வைக்கிறோம்.

முதல் நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் 'பிணைப்பு' என்னும் ஒரே சொல்லை ஆளுதல் தகாது. கன்றைக் கட்டும் கயிற்றுக்குத் தும்பு என்பது பெயர். தும்பை விட்டு வாலைப் பிடித்தல் என்னும் பழமொழியை அறியாதார் யார்? எட்டி நின்றும் விலகவிடாத முதல் நிலையைத் 'தும்பிடல்' எனலாம். அடுத்ததைத் 'துறைசேர்தல்' எனலாம். மூன்றாவதைச் 'சவ்வுக்கலப்பு' எனலாம். இவற்றினும் சிறந்த சொற்களை அறிஞர் தருவாராயின் மகிழ்ந்து ஏற்போம்.

சொல்லைப் பெருக்குவது மட்டும் மொழிப்பணியன்று. முதலிற் செயலை வரையறுத்து, பின்னர் ஒரு செயலுக்கு ஒரு சொல் என நிறுத்துவதே அறிவியல் தமிழுக்கு அடித்தளம். விலங்கியல் மாணவரும் தமிழ் மாணவரும் ஒரே மேசையில் அமர்ந்து இப்பணியைத் தொடங்குவாராக!