நலத்தையும் கேட்கும் வினாக்கொத்து

வாய்மொழியாய் வந்த பௌத்த போதனைகள் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பட்ட இடம் நமது அலுவிகாரை என்பது மரபு. சொல் மாறினால் பொருளும் மாறும். உளநலம் பற்றிய கேள்விகளுக்கும் இது பொருந்தும்.

இடம்பெயர்ந்த குடும்பங்களிடம் துயரத்தையே பெரும்பாலும் கேட்கிறோம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் 1998ஆம் ஆண்டு வினாக்கொத்து நலத்தைக் கேட்கிறது. கடந்த இரு வாரங்களில் மகிழ்ச்சி, அமைதி, உற்சாகம், நல்ல உறக்கம், வாழ்வில் ஈடுபாடு எவ்வளவு என்பதே அதன் ஐந்து கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை புள்ளி. கூட்டுத்தொகையை நான்கால் பெருக்கினால் நூற்றுக்கு எவ்வளவு என்று தெரியும்.

இதை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. ஒருவர் தமிழாக்கியதை, மூலத்தைப் பாராத மற்றொருவர் திரும்ப ஆங்கிலமாக்கி ஒப்பிட வேண்டும். பின்பு மக்களிடம் வாசித்து, என்ன விளங்கியது என்று கேட்க வேண்டும். ‘அமைதி’ என்றால் ஒருவருக்கு நிம்மதி, இன்னொருவருக்குப் பேசாதிருத்தல். அதன்பின், நிலை மாறாத ஒருவரிடம் சில நாள் கழித்துக் கேட்டாலும் விடை ஏறக்குறைய ஒத்திருக்கிறதா, வைத்தியரின் மதிப்பீட்டோடு புள்ளிகள் பொருந்துகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

பிழையாக விளங்கிய ஒரு கேள்வி, உதவி தேவைப்படும் வீட்டைக் கணக்கில் விட்டுவிடும். ஆகவே, விளங்காவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள். அது உங்கள் குறையன்று, கேள்வியின் குறை.