கல்முனை முதல் குமண வரை: ஒரே ரோட்டில் இத்தனை அதிசயமா? தெரியுமா?

ஸ்கூல் லீவு விட்டதும் கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுக் குடும்பங்கள் வேன் பிடித்து எங்கே போகின்றன? நுவரெலியா! கண்டி! எல்லாரும் குளிரைத் தேடி ஓடுகிறார்கள். அதே வேனைத் தெற்கே திருப்பினால் சுமார் 100 கிலோமீற்றருக்குள் மணல்மலை, கோடிக்கணக்கான வருஷத்துப் பாறை, ரோட்டோரத்து யானை, தென்துருவக் கடலிலிருந்து வரும் அலை என்று எல்லாம் இருப்பது தெரியுமா? அமெரிக்காவின் பாலைவனப் பள்ளத்தாக்கைப் படத்தில் பார்த்து வாய் பிளக்கிறவர்களே, முதலில் இதைக் கேளுங்கள்!

கல்முனை பஸாரின் நடுவால் போகிறதே, அந்த ரோட்டின் நீளம் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 430 கிலோமீற்றர்! அதுதான் ஏ4. கொழும்பில் கிளம்பி இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் என்று சுற்றி வளைத்து மட்டக்களப்பில் போய் முடிகிறது. அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு 446 கிலோமீற்றர். நாம் மீன் வாங்கப் போகிற ரோடு அதற்குக் கிட்டத்தட்டச் சமம்! போதாதா? இதே ரோட்டில் கொஸ்லந்தைப் பக்கம் போனால் 220 மீற்றர் உயரத்திலிருந்து தியலும அருவி கொட்டுகிறது!

இன்னொன்று! அந்த அரிசோனாப் பள்ளத்தாக்கில் நிற்கும் மலைமுடிகளின் பெயர்கள் தெரியுமா? விஷ்ணு கோயில், சிவன் கோயில், பிரம்மா கோயில்! உண்மையாகவே வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறது!

சரி, அந்தப் பாலைவனத்துக்கும் அம்பாறைக்கும் நேரடியாகவே ஒரு தொடர்பு உண்டு. இதை அறிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? கொலராடோ ஆற்றின் குறுக்கே, கரும்பாறைப் பள்ளத்தாக்கு ஒன்றுக்குள் 221 மீற்றர் உயரத்தில் ஹூவர் அணை நிற்கிறது. 1930களில் அதைக் கட்டுவதற்கு ஆறு கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்தன. அந்த ஆறில் ஒன்று மொரிசன் நட்சன். பிற்பாடு அந்தக் கம்பெனி எங்கே வந்தது தெரியுமா? நம்முடைய இங்கினியாகலைக்கு! 1949இல் டி.எஸ். சேனாநாயக்க தொடங்கிவைத்த கல்லோயாத் திட்டத்தின் அணையைக் கட்டியது அவர்கள்தான்! பாலைவனத்து ஆற்றை மறித்த கம்பெனி வந்து கல்லோயாவையும் மறித்தது. அந்தத் தண்ணீர் இன்றைக்கும் சம்மாந்துறை வயலிலும் நிந்தவூர் வயலிலும் ஓடுகிறது. நம் வீட்டுச் சோற்றுக்குள் ஹூவர் அணைக்காரரின் கைவேலை இருக்கிறது!

அந்தச் சேனாநாயக்க சமுத்திரம் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்? சுமார் 95 கோடி கன மீற்றர்! அதன் நடுவே இருக்கும் தீவுகளுக்கு யானைகள் நீந்தியே போகின்றன. ஆமாம், நீந்தி! உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள், தும்பிக்கை நுனி மட்டும் மேலே மூச்சுக்கு! படகில் போய் இதைக் கண்ணால் பார்க்கலாம். காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பி அம்பாறையைத் தாண்டினால் போதும்.

இப்போது தெற்கே போவோம். ஜூலை, ஆகஸ்டில் நிந்தவூர் தாண்டி ஒலுவில், பாலமுனை என்று போகும்போது வேன் ஜன்னலைத் திறந்து பாருங்கள். அடுப்பு வாயைத் திறந்ததுபோல ஒரு காற்று முகத்தில் அடிக்கும். உதடு வெடிக்கும். சலவை செய்து போட்ட சாரம் அரை மணி நேரத்தில் காய்ந்து விறைக்கும். இதுதான் கச்சான் காற்று! இது கடலிலிருந்து வரவில்லை, மலையிலிருந்து இறங்கி வருகிறது தெரியுமா? தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தையெல்லாம் மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் சரிந்து இறங்கும்போது சூடேறிக் காய்ந்துவிடுகிறது. இரத்தினபுரியில் வருஷத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை! குமணவில்? ஏறத்தாழ 1,300தான்! அதுவும் பெரும்பாலும் வாடைக்காலத்தில் பெய்துவிடும். ஒரே தீவு, ஒரே ரோடு, ஒரு முனையில் மழைக்காடு, மறுமுனையில் முள்ளும் மணலும்! கச்சான் அடிக்கிற காலத்தில் இந்தப் பக்கம் போகக் கூடாது என்று மூத்தம்மாமார் சொல்வார்கள். நான் சொல்கிறேன், அப்போதுதான் போக வேண்டும்! ஏன் என்று பிறகு தெரியும்.

திருக்கோவில் தாண்டியதும் சங்கமன்கண்டி. பெரும்பாலான வேன்கள் இங்கே நிற்பதேயில்லை. எனக்கு அதுதான் தாங்காது! இலங்கையின் கிழக்குக் கடைசி முனை இதுதான் தெரியுமா? இதற்குக் கிழக்கே ஒரு சாண் இலங்கை மண் கிடையாது! இங்கிருந்து நேர் கிழக்கே ஒரு தோணியை விட்டால் அடுத்து எங்கே தரை தட்டும்? சுமார் 1,300 கிலோமீற்றர் தள்ளி, பெரிய நிக்கோபார் தீவில்!

2020 செப்டெம்பரில் இந்த முனைக்கு அப்பால் கடலில் நியூ டயமண்ட் என்ற எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்தது ஞாபகமா? அதற்குள் இருந்த மசகு எண்ணெய் 2,70,000 தொன்! அதில் சின்னப் பங்கு கொட்டியிருந்தாலும் இந்தக் கரை என்னவாகியிருக்கும்? எண்ணெய்த் தாங்கிகளுக்குத் தீ பரவாமல் அணைத்துவிட்டார்கள். கப்பல் ஊழியர் ஒருவர் மட்டும் உயிர் இழந்தார்.

இதே கடல் 2004 டிசம்பர் 26 காலையில் செய்ததை இந்தக் கரையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சுமாத்திராவுக்கு அப்பால் பூமி பிளந்து இரண்டு மணி நேரத்துக்குள் அலை இங்கே வந்துவிட்டது. ஆழ்கடலில் அதன் வேகம் மணிக்கு 700 கிலோமீற்றருக்கும் மேல். இலங்கையில் மிக அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறைதான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று ஊர் ஊராக. பிள்ளைகளை வேனில் கூட்டிப் போகிறவர்கள் இந்த ரோட்டில் ஓரிடத்திலாவது நிறுத்தி இதைச் சொல்லிக் கொடுங்கள்.

பொத்துவில் வந்துவிட்டதா? கடற்கரைப் பக்கம் போய்ப் பாருங்கள், மணல் குன்று குன்றாக! இலங்கையில் இப்படியா என்று கேட்க வைக்கும். கிட்டப் போய்க் குனிந்து பாருங்கள். காற்று கீறிய வரி வரியான கோடுகள், நண்டு நடந்த புள்ளிகள், அடம்பன் கொடி மட்டும் மணலை இறுகப் பிடித்துக்கொண்டு! கொஞ்சம் பலமாகக் காற்றடித்தால் கெண்டைக்காலில் மணல் ஊசியாகக் குத்தும். ஒவ்வொரு காற்றுக்கும் இந்த மேடுகள் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறுகின்றன. மலை நடக்குமா? இங்கே நடக்கிறது!

அறுகம்பே! வெள்ளைக்காரர் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் ஏறிச் சறுக்குகிற அலை எங்கே பிறந்தது தெரியுமா? அன்டார்ட்டிக்காவைச் சுற்றியுள்ள தென்கடல் புயலில்! 5,000 கிலோமீற்றருக்கு மேல் கடந்து, இடையில் ஒரு நாட்டிலும் முட்டாமல், மணிக்கு 40 கிலோமீற்றர் அளவில் இரவு பகலாக ஓடி, ஐந்தாறு நாளில் இங்கே வந்து சேர்கிறது! வந்ததும் முனைப் பாறையைச் சுற்றி வளைந்து, வலப்பக்கமாக நீளமாக உடைகிறது. கச்சான் கரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் அலையின் முகம் கண்ணாடி மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. நம்மை வாட்டுகிற அதே காற்றுத்தான் அலையைச் சீவி விடுகிறது! இப்போது தெரிகிறதா ஏன் ஆகஸ்டில் வரச் சொன்னேன் என்று? 2019 செப்டெம்பரில் உலக அலைச்சறுக்கு லீக்கின் போட்டியே இங்கே நடந்தது!

வேனை ஒரு தரம் மேற்கே, மொனராகலை ரோட்டில் திருப்புங்கள். பொத்துவிலில் இருந்து சுமார் 16 கிலோமீற்றரில் லாகுகலை தேசிய பூங்கா. எவ்வளவு பெரிசு? வெறும் 1,554 ஹெக்டேயர்! இலங்கையின் மிகச் சின்னத் தேசிய பூங்காக்களில் ஒன்று. ஆனால் கச்சானில் மற்ற இடமெல்லாம் காய்ந்துபோக, இந்தக் குளத்துப் புல்லைத் தேடி யானைகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன! நூற்றுக்கு மேற்பட்ட யானைகளை ஒரே குளத்தில் பார்த்தவர்கள் உண்டு. ஒரு யானை ஒரு நாளைக்கு 150 கிலோ தின்னும். கணக்குப் போட்டுப் பாருங்கள்! அதுவும் ரோட்டோரத்திலேயே, வேனிலிருந்து இறங்காமலே பார்க்கலாம். இறங்கவே வேண்டாம்!

பக்கத்திலேயே மகுல் மகா விகாரை. அதன் சந்திரவட்டக்கல்லில் யானைகள் பாகன்மாரைச் சுமந்துகொண்டு நடக்கின்றன. வழக்கமான சந்திரவட்டக்கல்லில் யானை தனியாகத்தான் நடக்கும்!

இன்னும் உள்ளே போனால், சமவெளியிலிருந்து திடீரென்று எழும்பி நிற்கும் ஒரு பாறை. கோவிந்தஹெல! 558 மீற்றர்! பிரிட்டிஷ்காரர் அதைப் பார்த்துவிட்டு லண்டனில் இருக்கிற வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். 13ஆம் நூற்றாண்டில் கலிங்க மாகன் நாட்டைப் பிடித்தபோது புவனேகபாகு என்ற இளவரசன் இந்தப் பாறை உச்சியில்தான் தங்கிக் காவல் செய்தான்!

இந்தப் பக்கத்துப் பாறைகளின் வயது எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 100 கோடி வருஷம்! டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி வருஷம்தான். கொலராடோ ஆறு அந்தப் பெரும் பள்ளத்தாக்கை வெட்டத் தொடங்கியே 50, 60 இலட்சம் வருஷம்தான்! அங்கே ஆறு கீழே தோண்டிக்கொண்டு போனது. இங்கே சுற்றியிருந்த நிலம் கரைந்துபோக, கெட்டியான பாறை மட்டும் மிஞ்சி நிற்கிறது!

திரும்பி அறுகம்பே வந்து பாணமை ரோட்டில் இறங்குங்கள். வழியில் முதலைப் பாறை, யானைப் பாறை! "வாப்பா, அங்க பாருங்க யானை!" என்று பிள்ளை கத்தும். பாறைதான். ஆனால் பின்னேரம் ஆகிவிட்டால் அடுத்து வருவது உண்மையான யானையாகவும் இருக்கலாம்! டிரைவர் நானாவை மெதுவாகப் போகச் சொல்லுங்கள்.

பாணமைக்கு அப்பால் கும்புக்கன் ஓயாவரை காடும் மொட்டைப் பாறையும்தான். அந்தப் பாறைகளில் ஒன்று குடும்பிகல! 2,000 வருஷத்துக்கு முந்திய பிராமி எழுத்து வெட்டிய குகைகள்! பாறை உச்சியில் உருளை வடிவில் ஒரு தாதுகோபுரம்! மேலே ஏறி நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பச்சைக் காடு, நடுநடுவே கறுத்த பாறைகள். கட்டாயம் ஏறுங்கள். வெயில் ஏற முந்தி ஏறுங்கள். பாறை சுடும்!

உகந்தைமலை முருகன் கோயிலுக்கு முருகன் எதில் வந்தாராம் தெரியுமா? கல்லுத் தோணியில்! பக்தர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படுகிற பாதயாத்திரைக்காரர் ஒன்றரை மாதம் அளவில் நடந்து இங்கே வந்து, காட்டுக் கதவு திறக்கும்வரை காத்திருக்கிறார்கள். பிறகு சிறுத்தையும் யானையும் திரிகிற காட்டுக்குள் நான்கைந்து நாள், கால்நடையாக, கதிர்காமத்துக்கு! அங்கே கோயில் திருவிழாக் காலத்திலேயே பள்ளிவாசலிலும் கொடி ஏறும் என்பது தெரியுமா? ஹிழ்ர் நபியின் பெயரால் நம் ஆட்களும் அங்கே போய்வந்தார்கள்!

கடைசியாகக் குமண! 1985 முதல் 2003 வரை யுத்தத்தால் மூடிக் கிடந்த பூங்கா. 200 ஹெக்டேயர் அளவிலான குமண வில்லு என்ற சதுப்பில் மே, ஜூன் மாதங்களில் நாரையும் கொக்கும் மரத்துக்கு மரம் கூடு கட்டுகின்றன. பூங்காவில் இதுவரை பதிவான பறவை இனங்கள் 255! இலங்கையில் விரல் விட்டு எண்ணக்கூடிய கருங்கழுத்து நாரை இங்கே நிற்கும்! வாடைக்காலம் பிறந்தால் ஊசிவால் வாத்து வரும். எங்கிருந்து? சைபீரியாவிலிருந்து! பாஸ்போட் இல்லை, வேன் இல்லை, டீசல் இல்லை! அது அவ்வளவு தூரம் பறந்து வருகிற இடத்துக்குக் கல்முனையிலிருந்து மூன்று மணி நேரம் போக நமக்கு என்ன கஷ்டம்?