உங்களுக்குத் தெரியுமா? கங்காரு நீதிமன்றம் பிறந்த கதை

சட்டத்தின் அனுமதி இல்லாமல் தானே கூடி, தீர்ப்பை முன்பே முடிவு செய்துவிட்டு நடத்தப்படும் போலி விசாரணைக்கு ஆங்கிலத்தில் ‘கங்காரு கோர்ட்’ என்று பெயர்.

● கங்காரு ஆஸ்திரேலிய விலங்கு. ஆனால், இந்தத் தொடரின் ஆரம்பகால அச்சுப் பதிவுகள் அமெரிக்காவில்தான் கிடைக்கின்றன. 1841இல் நியூ ஆர்லியன்ஸ் நாளிதழ் ஒன்றில் இது இடம்பெற்றது.

● சாட்சியம், வாதம் எல்லாவற்றையும் தாண்டிக் குதித்துத் தண்டனைக்குப் போவதால் இந்தப் பெயர் என்பது பரவலான விளக்கம்.

● 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சிறைகளில், பழைய கைதிகள் புதிதாக வந்தவரை ‘விசாரித்து’ அபராதம் பறித்ததற்கும் இதே பெயர்தான்.

● ஆபாசமாகத் தொலைபேசியில் பேசியதாக, அரிசோனாவில் 15 வயதுச் சிறுவனை 21 வயதுவரை சீர்திருத்தப் பள்ளியில் அடைக்க உத்தரவிட்டார்கள். வயது வந்தவருக்கு அதே குற்றத்துக்கு அதிகபட்சச் சிறை இரண்டு மாதமே! 1967இல் அந்த உத்தரவை ரத்து செய்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், சிறுவன் என்பதற்காகக் கங்காரு நீதிமன்றம் நடத்தக் கூடாது என்றது.

● 2011இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் கட்டப் பஞ்சாயத்துகளைக் ‘கங்காரு நீதிமன்றங்கள்’ என்று கண்டித்து, அவை முற்றிலும் சட்டவிரோதம் என அறிவித்தது.

குற்றம் சாட்டப்பட்டவர் யாராக இருந்தாலும், அவர் தரப்பைக் கேட்காமல் சொல்லப்படுவது தீர்ப்பே அல்ல.