பின் நம்பரில் முதலில் வரும் சைபர்... ஏ.டி.எம் அதை மறக்காதது எப்படி?

உங்கள் பின் நம்பர் 0427 என்று வைத்துக்கொள்வோம். கணக்கு வாத்தியாரைக் கேட்டால், முன்னால் நிற்கும் சைபருக்கு மதிப்பே இல்லை, அதுவும் 427-ம் ஒன்றுதான் என்பார். ஆனால், ஏ.டி.எம்-மில் 427 என்று மட்டும் அடித்துப் பாருங்கள்... பணம் வராது!

காரணம், கீபேட் அதை 'நானூற்று இருபத்தேழு' என்று படிப்பதே இல்லை. 0, 4, 2, 7 என்று தனித்தனியாகத்தான் வாங்கிக்கொள்கிறது.

சாதாரண கீபேடில் 12 பட்டன்களுக்கு 12 வயர் கிடையாது. குறுக்கே 4, நெடுக்கே 3 என மொத்தம் ஏழே கோடுகள். பட்டனை அழுத்தினால் ஒரு குறுக்குக் கோடும் ஒரு நெடுங்கோடும் தொட்டுக்கொள்ளும். எந்த இரண்டு என்று பார்த்து, எந்த எண் என்பதைச் சர்க்யூட் கண்டுபிடிக்கும்.

இங்கே ஒரு சிக்கல். பட்டனுக்குள் இருக்கும் உலோகத் தகடு ஒரே தடவையில் ஒட்டாது; சில மில்லி செகண்டுகள் துள்ளும். அப்படியே விட்டால் ஒரு 7, 777 ஆகிவிடும். துள்ளல் அடங்கும்வரை காத்திருந்த பிறகே சர்க்யூட் எண்ணை ஏற்கும்.

ஏற்ற எண், நான்கு பிட்களாக மாறும். 7 என்றால் 0111. சைபர் என்றால் 0000. 'ஒன்றுமில்லை' என்பதற்கும் நான்கு இடம்! ஒவ்வொரு பிட்டையும் ஒரு 'ஃபிளிப் ஃபிளாப்' பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்த எண் வந்ததும் பழையது நகர்ந்து இடம் விடும். கடைசியில் 0000 0100 0010 0111 என 16 பிட். வெறும் 427-ஐ பைனரியில் எழுதினால் 110101011. இதில் முதல் சைபர் இருந்த சுவடே இல்லை. சைபரில் தொடங்கும் நான்கு இலக்க பின் நம்பர்கள் மட்டுமே ஆயிரம் உண்டு. அத்தனை பேரின் பாடும் திண்டாட்டம்தான்!

(நான்கு இலக்கம் ஏன்? 1967-ல் லண்டன் என்ஃபீல்டில் பணம் தரும் இயந்திரத்தை நிறுவிய, ஷில்லாங்கில் பிறந்த ஜான் ஷெப்பர்ட்-பாரன், முதலில் ஆறு இலக்கம்தான் யோசித்தாராம். தன் மனைவிக்கு நான்குதான் நினைவில் நிற்கும் என்பதால் குறைத்ததாகச் சொல்லியிருக்கிறார்.)

நான்கு பிட்டில் 16 வடிவங்கள் சாத்தியம். எண்களுக்குப் பத்து போக, மீதி ஆறு. அதிலும் ஒன்றுக்கு வேலை உண்டு. வங்கிக்கு அனுப்பும் முன், பின் நம்பரோடு அது எத்தனை இலக்கம் என்ற தகவலையும் சேர்த்து, மிச்ச இடத்தை 1111 கொண்டு நிரப்பும் முறை பரவலாகப் பயன்படுகிறது. அதன் பிறகே அது சங்கேதமாக மாறும்.

இதெல்லாம் நடப்பது அந்தக் கீபேடுக்குள்ளேயேதான். ஏ.டி.எம்-மின் கம்ப்யூட்டருக்குப் போவது 'ஒரு பட்டன் அழுத்தப்பட்டது' என்ற தகவல் மட்டுமே. அதனால்தான் திரையில் நட்சத்திரக் குறி வருகிறது. யாராவது கீபேடை உடைத்துத் திறக்க முயன்றால், உள்ளே இருக்கும் சங்கேதச் சாவிகளை அதுவே அழித்துவிடும்.